ரெண்டு பேருக்கு ஒரு ஐடி

படிக்காத மெயில் தடித்த எழுத்தில் இருக்கும். படித்ததும் மெலிந்துவிடும். கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவனுக்கு இந்த அளவு ஞானம் போதும், மிச்சத்தைச் சத்தமாகப் பேசிச் சமாளித்துவிடலாம் என்பது ஜெஃப்ரினின் பத்து வருட அனுபவம். செவ்வாய்க்கிழமை மத்தியானம், மணவாளக்குறிச்சி ஜங்ஷனில் இருந்த தன் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கி, மனைவி கொடுத்துவிட்ட சோற்றுப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு, விரலில் மீன்குழம்பு படாத கையால் அவன் அந்த மெயில் பெட்டியைத் திறந்தபோது, முந்தின நாள் ரெஜிலா அனுப்பிய கடிதம் மெலிந்து கிடந்தது.

யாரோ படித்திருக்கிறார்கள்.

ஜெஃப்ரின் சோற்றை மென்றபடியே யோசித்தான். தான் திறக்கவில்லை. அந்தப் பெட்டியின் பாஸ்வேர்டு தெரிந்தவர்கள் மொத்தம் மூன்று பேர். ஒன்று, அவன். இரண்டு, ரெஜிலா, அவள் இந்தக் கடையின் இந்த நாற்காலியில் உட்கார்ந்தால்தான் கம்ப்யூட்டரைத் தொடுவாள். மூன்றாவது, அவள் புருஷன் ஷாஜன்.

ஷாஜன் செத்து ஆறு வாரம் ஆகியிருந்தது. அது ஜெஃப்ரினுக்குத் தெரியும். ரெஜிலாவுக்குத் தெரியாது.

அதை ஜெஃப்ரின் சொல்லவில்லை என்பதுதான் விஷயம்.

கடற்கரையில் கெட்ட செய்தி நேரே வீட்டுக்குப் போவதில்லை. வெளிநாட்டில் கூட வேலை செய்கிறவன் ஊரில் பக்குவமான ஓர் ஆளைப் பிடித்துச் சொல்வான். அந்தப் பக்குவமான ஆள் வீட்டுக்குப் போய் முதலில் ‘சுகமில்லை’ என்பார். ஒரு மணி நேரம் கழித்து ‘ஆஸ்பத்திரியில்’ என்பார். அதற்குள் வாசலில் ஆள் சேர்ந்துவிடும். சேர்ந்த ஆட்களின் முகத்தைப் பார்த்து வீட்டார் மிச்சத்தைப் புரிந்துகொள்வார்கள். பஹ்ரைனில் ஷாஜன் புதிதாகச் சேர்ந்த போட்டில் அவனைத் தவிர ஒரே ஒரு தமிழன்தான், தூத்துக்குடிப் பக்கத்து யோவான். ‘வலை இழுக்கும்போது விழுந்துட்டான் அண்ணே, பாடி கிடைக்கல, வீட்டுல பக்குவமா சொல்லுங்க’ என்று அவன் எழுதியது கடையின் மெயிலுக்கு. அப்போது அவன் கையில் இருந்த ஒரே ஊர் விலாசம் அதுதான். இப்படியாக, பல் பிடுங்கப் பயந்து மூன்று வருடமாக ஒரு பக்கத்திலேயே மென்று தின்கிற ஜெஃப்ரின் பக்குவமான ஆள் ஆனான்.

போனான். போகவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஜங்ஷனை அடுத்த கடற்கரை ஊரான கடியப்பட்டணத்தில் ரெஜிலாவின் வீட்டுக்குள் நுழைந்தபோது, பிறந்து ஐந்தே நாளான ஆண்பிள்ளையைச் சுற்றி வீடு நிறைந்து நின்றது. யாரோ அவன் கையில் ஒரு ஜிலேபியை வைத்தார்கள்.

“அண்ணே, அவியளுக்கு மெயில் போட்டியளா? பய பொறந்துருக்கான்னு?” என்றாள் படுத்திருந்த ரெஜிலா.

“ஷாஜனுக்கு வந்து...” என்று ஆரம்பித்தான் ஜெஃப்ரின்.

“அவியளுக்கு என்ன?”

‘சுகமில்லை’ என்ற முதல் வார்த்தைதான் பாக்கி. ஜிலேபிப் பாகு மணிக்கட்டில் வழிந்தது. “...வேலை கூடுதலாம். பெரிய போட்டுக்கு மாறிட்டான். ஆழக்கடலு. இனி போன் கிட்டாது, மெயில் மட்டுந்தான்” என்றான்.

அன்று சாயங்காலமே முதல் கடிதத்தை எழுதினான்.

அது கஷ்டமாகவே இல்லை. காரணம், ஷாஜன் வெளிநாடு போகுமுன் அந்த ஐடியை உருவாக்கிக் கொடுத்ததே ஜெஃப்ரின்தான். ஒரு வீட்டுக்கு ஒரு ரேஷன் கார்டு, ஒரு வீட்டுக்கு ஒரு ஐடி என்பது அவனுடைய தொழில் தர்மம். இரண்டு தடவை ஃபாரம் நிரப்ப அவனுக்குச் சோம்பல். ஊரில் நாற்பது குடும்பங்கள் இப்படித்தான்: புருஷன் அங்கிருந்து தன் பெட்டிக்கே கடிதம் அனுப்புவான், பெண்டாட்டி இங்கே அதே பெட்டியைத் திறந்து படித்து, அதே பெட்டிக்குப் பதில் போடுவாள். பாஸ்வேர்டு வைத்திருக்கிற எவனும் அந்தப் பெட்டிக்குள் புருஷன்தான்.

ஆறு வாரத்தில் இருபத்தொரு கடிதங்கள். சொந்த மனைவிக்கு ‘தக்காளி வாங்கணுமா’ என்பதைத் தாண்டி எழுதியறியாத ஜெஃப்ரின், இங்கிலீஷ் எழுத்தில் தமிழை அடித்து, நிலாவையும் அலையையும் எழுதினான். பிரிண்ட் எடுத்துக் கொடுப்பான். ரெஜிலா கடை வாசலில் நின்றே வாசித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, “பிள்ள பொறந்த பொறவுதான் அவியளுக்கு எம்மேல இவ்வளவு பாசம், இல்லியா அண்ணே?” என்பாள். ஜெஃப்ரின் கீபோர்டில் இல்லாத தூசியைத் தட்டுவான். அதோடு, சொல்ல வெட்கம்தான், உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருக்கும். யோவான் வாரம் ஒரு முறை, மரணப் பத்திரத்துக்குக் கையெழுத்து கேட்டு, ஷாஜனின் பையில் கிடைத்த விலாசத்தை வைத்து அந்தக் குடும்பப் பெட்டிக்கே எழுதுவான். ரெஜிலா வருமுன் ஜெஃப்ரின் அதை மட்டும் அழித்துவிடுவான். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று இருபத்தொரு தடவை நினைத்தான்.

இப்போது மெலிந்து கிடந்த கடிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ரெஜிலாதான்.

“அண்ணே, எனக்க கூடப்பொறந்த சிலுவை அண்ணன் தோஹாவுல இருந்து ஒரு போன் குடுத்துவிட்டிருக்கு. பட்டனு நெறய உள்ள போன். மெயிலு எல்லாம் அதுலயே வருமாம். இனி ஒங்க கடையில வந்து நிக்கண்டாம்லா?”

“அப்படியா” என்றான் ஜெஃப்ரின்.

“மழையில பிள்ளய எடுத்துட்டு வர முடியாது. நீங்க சாயங்காலம் வந்து ஒண்ணு செட் பண்ணித் தாருங்க.”

ஜெஃப்ரின் சோற்றுப் பாத்திரத்தை மூடினான். அந்தப் போனில் மெயில் வந்தால், யோவானின் அடுத்த கடிதம் நேரே அவள் கையில் விழும். அழிக்க இவன் நடுவில் இருக்க மாட்டான். அவள் தனியாக, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, தன் புருஷனின் மரணப் பத்திரத்தைப் பற்றி வாசிப்பாள். பிறகு அந்த இருபத்தொரு கடிதங்களை எடுத்துப் பார்ப்பாள். ஆகவே அந்தப் போனில் மெயில் வேலை செய்யக் கூடாது. வேலை செய்யவைப்பதுதான் கஷ்டம். செய்யாமல் வைப்பதில் ஜெஃப்ரினை மிஞ்ச இந்தத் தாலுகாவில் ஆள் இல்லை.

நாலரை மணிக்கு மழை சற்றுக் குறைந்தபோது பைக்கை எடுத்தான். கடியப்பட்டணத்துக்குள் நுழையும்போதே கடலின் இரைச்சல் சுவர்களுக்குப் பின்னால் கனத்து நின்றது. இழுத்து ஏற்றிய வள்ளங்களின் மேல் கட்டிய நீலத் தார்ப்பாய்கள் காற்றில் படபடக்க, உலர முடியாமல் புளித்த கருவாட்டின் வாடையும் ஈர மணலின் வாடையும் கலந்து சந்து முழுவதும் ஊறியிருக்க, பகலும் இல்லாமல் ராத்திரியும் இல்லாமல் ஒரு சாம்பல் வெளிச்சம் கூரைகளின் மேல் படிந்து கிடந்தது. ரெஜிலாவின் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றியபோது உள்ளே சிமெண்டுத் தரை சில்லென்று காலைக் கடித்தது.

“மாமி கோயிலுக்குப் போயிருக்கு. இரியுங்க” என்றாள் ரெஜிலா.

சுவரோரம் ஒரு நீளப் பெஞ்சு. அதன் ஒரு முனையில் ஜெஃப்ரின் உட்கார்ந்தான். வாசற்கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு, பிள்ளையோடு மறுமுனையில் அவள் உட்கார்ந்தாள். நடுவே மரியாதைக்கு ஓர் ஆள் இடம். பிள்ளை முஷ்டியைச் சப்பிக்கொண்டு அரைத்தூக்கத்தில் இருந்தது.

போன் கனமாக, கறுப்பாக, முழு டைப்ரைட்டரையும் வயிற்றில் பதித்ததுபோல இருந்தது. ஜெஃப்ரின் தொண்டையைச் செருமிக்கொண்டு, டாக்டர் நாக்கை நீட்டச் சொல்கிற பாவனையில் அதைத் திருப்பிப் பார்த்தான்.

“ரேஞ்சு ஒரு கம்பிகூட இல்லையே.”

“மழைன்னா இஞ்ச போயிரும் அண்ணே. போட்டுப் பாருங்க.”

போட்டான். பெயர், ஐடி, பாஸ்வேர்டு. பிறகு தன் கைவேலையைக் காட்டினான். சர்வர் பெயரில் நடு எழுத்து ஒன்றை விழுங்கினான். போர்ட் எண் கேட்ட இடத்தில் தன் கடையின் கதவு எண்ணை அடித்தான். சரியான செட்டிங்கைப் போட்டு, போனைத் தலைக்கு மேல் தூக்கி, நாலு தடவை கெஞ்சினாலும் மெயில் வராத காலம் அது, இரண்டாயிரத்துப் பத்து. இந்தச் செட்டிங்கில் கடவுளே எழுதினாலும் வராது.

‘இணைக்கிறது’ என்ற சின்ன வட்டம் சுற்றியது. நின்றது.

கிணிங்.

“வந்துட்டு!” என்றாள் ரெஜிலா.

“இல்ல... இது வேற சத்தம்” என்றான் ஜெஃப்ரின். கிணிங், கிணிங், கிணிங் என்று அவன் உள்ளங்கையில் அது அதிர்ந்துகொண்டே இருந்தது. எண்ணினான். இருபத்தொன்று. எல்லாம் அவன் எழுதியவை, ரெஜிலா எழுதியது ஒன்றுகூட இல்லை. தேதி, நேரம், நிலா, அலை. திரையைத் தன் பக்கம் சாய்த்துக்கொண்டு முதலாவதைத் திறந்து, தன் எழுத்தை மறுபடி பார்க்கிற ஆளுக்கே உரிய அசட்டு ஆசையோடு கடைசிவரை போனான்.

கடைசியில் அவன் எழுதாத ஒரு வரி இருந்தது.

‘இஞ்ச வெளிச்சம் இல்ல.’

மழை மறுபடி வலுத்தது. ஓட்டின் இடுக்கில் எங்கோ ஒழுகி, உள்ளறையில் ஒரு பாத்திரத்தில் ஒரே சீராகச் சொட்டியது.

“என்ன அண்ணே?”

“ஒண்ணுமில்ல. பழைய கடிதம். சர்வரு பழசையெல்லாம் மொத்தமா இறக்குது.”

“வாசியுங்களேன். பயலும் கேக்கட்டும்.”

ஜெஃப்ரின் வாசித்தான். நிலாவை வாசித்தான். கடைசி வரியை விட்டுவிட்டான். அவன் குரல் கோயிலில் வேதாகம நிருபம் வாசிக்கப் போய் இடம் மாறிப் புரட்டியவனின் குரல்போல இருந்தது. வாசித்துக்கொண்டே கட்டைவிரலால் இரண்டாவதைத் திறந்தான். ‘தண்ணி கனம். நெஞ்சுல கல்லு வச்ச மாதிரி.’ ஏழாவது. ‘யாரோ எனக்க பேருல பேசுதது கேக்கு.’ பன்னிரண்டாவது. ‘ஆருன்னு தெரிஞ்சாச்சு.’

பதினெட்டாவதின் அடியில் வரி நீளமாக இருந்தது.

‘மீனு மொதல்ல ஒதட்டத்தான் திங்கும். அதான் எனக்குப் பேச முடியல. நீங்க பேசுங்க அண்ணே. நல்லாத்தான் பேசுதிய.’

“ஏன் நிறுத்திட்டிய?” என்றாள் ரெஜிலா.

ஜெஃப்ரினுக்குத் தன் உதடுகள் இருக்கின்றனவா என்று தொட்டுப் பார்க்க வேண்டும்போல இருந்தது. இது எவனோ செய்கிற வேலை என்று தனக்குத்தானே சொன்னான். யோவான். அவனுக்குப் பாஸ்வேர்டு தெரிந்திருக்கும். ஷாஜன் சொல்லியிருப்பான். எல்லாவற்றையும் படித்துவிட்டுக் கோபத்தில் விளையாடுகிறான். நியாயம்தானே. யோவானாக இருக்க வேண்டுமே என்று அவன் தன் வாழ்க்கையில் எதற்கும் வேண்டாத அளவுக்கு வேண்டிக்கொண்டான்.

“இதுல வைரஸ் இருக்கு. அழிச்சிட்டு முதல்லேருந்து போடணும்” என்றான். அவன் குரல் அவனுக்கே பொய்யாகக் கேட்டது. ‘மெயில் பெட்டியை நீக்கவா?’ என்றது போன். ஆம். ‘நிச்சயமாகவா?’ ஆம், ஆம். பெட்டி போயிற்று. திரை சுத்தமாக, நீலமாக, ஒன்றுமறியாத பிள்ளைபோல நின்றது. ஜெஃப்ரின் மூச்சை விட்டான்.

கரண்டு போயிற்று.

மாதா படத்தின் அடியில் எரிந்த சிவப்பு பல்பு அணைந்தது. திறந்த வாசலில் மழையின் சாம்பல் நிறம் மட்டும். போனின் வெளிச்சத்தில் ரெஜிலாவின் கழுத்துச் சங்கிலி மினுங்கியது.

திரையில் அந்த ஃபாரம் மறுபடி திறந்திருந்தது. பெயர், ஐடி, பாஸ்வேர்டு. ஜெஃப்ரினின் விரல் பட்டன்களின் மேல் இல்லை. போன் அவன் தொடைமேல் கிடந்தது.

ஐடி கட்டத்தில் ஓர் எழுத்து விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. விறைத்துப்போன விரலால் தடவித் தடவி அடிப்பதுபோல. ஓர் எழுத்து தப்பாக விழுந்து அழிந்தது. திரும்ப விழுந்தது. பாஸ்வேர்டு கட்டத்தில் புள்ளிகள். ஒன்று. இரண்டு. மூன்று. பிறகு சர்வர் பெயர், ஜெஃப்ரின் விழுங்கிய எழுத்தும் சேர்த்து. பிறகு போர்ட் எண்.

சரியான எண்.

உள்ளறையில் சொட்டுவது நின்றிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை. மழை பெய்துகொண்டுதான் இருந்தது.

“ரெஜிலா” என்றான் ஜெஃப்ரின். “நான் ஒண்ணு சொல்லணும்.”

அவள் திரும்பினாள்.

“ஷாஜனுக்குச் சுகமில்ல” என்றான். அந்த நிமிஷத்திலும் அவனுக்கு வந்தது முதல் படிதான். வெட்கத்தில் கண் எரிந்தது. “இல்ல. அப்படியில்ல. ஷாஜன் போயிட்டான். பிள்ள பொறந்த அஞ்சாம் நாளே எனக்குத் தெரியும். வலை இழுக்கும்போது... கெடைக்கல்ல. சொல்லத்தான் வந்தேன். சொல்ல முடியல. கடிதமெல்லாம் நான் எழுதினது.”

அவள் முகத்தில் எதுவும் நடக்கவில்லை. பிள்ளையின் தொடையில் மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்த கை மட்டும் நின்றது.

“நீங்களா?”

“நாந்தான்.”

“எல்லாத்தையுமா?”

“இருபத்தொண்ணையும்.”

கடல் இரைந்தது.  திட்டுவாள், அடிப்பாள், மாரிலடித்துக்கொண்டு தெருவுக்கு ஓடுவாள் என்று அவன் காத்திருந்தான். அதில் எது வந்தாலும் தலையைக் கொடுக்கத் தயாராக இருந்தான். அவன் வாழ்க்கையில் பக்குவமாக இருந்த நிமிஷம் அது ஒன்றுதான்.

கிணிங்.

ரெஜிலா கையை நீட்டி அவன் தொடைமேல் இருந்த போனை எடுத்தாள். அவனால் தடுக்க முடியவில்லை. திரை வெளிச்சம் அவள் முகத்தில் கீழிருந்து ஏறியது.

“அப்பம் இருபத்திரெண்டாவது ஆரு எழுதினது?” என்றாள்.

“வேண்டாம். குடு. தொறக்காத.”

“எழுத்து ஒண்ணும் இல்ல அண்ணே. படம் ஒட்டியிருக்கு.” அவள் குரல் மெலிந்திருந்தது, அழுகைக்கு முந்தினதா, சிரிப்புக்கு முந்தினதா என்று தெரியவில்லை. “அவிய படம் அனுப்பி எத்தன நாளாச்சு. பாருங்களேன்.”

அவனும் பார்க்க வேண்டும் என்று போனை நடுவில் பிடித்தாள்.

அந்தக் காலத்துப் படம் ஒரேயடியாக வராது. மேலிருந்து கீழே, விரற்கடை விரற்கடையாக, கிழிந்த துணியை ஒட்டுவதுபோல இறங்கும். முதல் துண்டு இறங்கியது. நீலச் சுண்ணாம்புச் சுவர். ஒழுகல் கறை.

இந்தச் சுவர். இந்தக் கறை. அவன் முதுகுக்குப் பின்னால் இருப்பது.

இரண்டாம் துண்டு. அணைந்த பல்பு. மாதா படத்தின் ஓரம்.

மூன்றாவது. ஒரு வகிடு. ரெஜிலாவின் தலை. பெஞ்சின் இந்த முனையில், எட்டு வருடமாக அவன் கண்ணாடியில் பார்க்க மறுத்த வழுக்கை. இரண்டு தலையும் குனிந்து எதையோ பார்க்கின்றன. வாசலில் நின்று எடுத்த படம்.

ஜெஃப்ரின் வாசலைப் பார்த்தான். மழை. யாருமில்லை.

நான்காவது. இரண்டு தலைக்கும் நடுவில் மூன்றாவதாக ஒன்று. ஈரம். முடி ஒட்டிக் கிடக்கிறது. பாதி இடத்தில் முடி இல்லை. அதுவும் குனிந்திருக்கிறது.

ஐந்தாவது. நெற்றி. புருவம் இருக்க வேண்டிய இடம்.

அங்கே நின்றது. வட்டம் சுற்றியது. இறங்கவில்லை.

வாடை வந்தது. கருவாட்டின் வாடை இல்லை. அடியில், வெகு ஆழத்தில், வெயில் படாத வாடை.

பெஞ்சின் நடுப்பலகை கிறீச்சிட்டது. தாழ்ந்தது. ஜெஃப்ரினின் உடல் தானாக அந்தப் பக்கம் சாய்ந்தது. தோளில் சில்லென்று எதுவோ பட்டது. அவன் திரும்பவில்லை. கத்தவில்லை. வாய் திறந்தது. உதடு அசைந்தது. ஒன்றும் வரவில்லை.

ரெஜிலா போனைக் கீழே வைத்தாள். நடுவில் இருந்த வெறும் இடத்தைப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது.

“மெலிஞ்சு போயிட்டிய” என்றாள்.

பிறகு மடியிலிருந்த பிள்ளையை இரண்டு கையாலும் தூக்கினாள். நீட்டினாள்.

“பாத்து. தலையப் பிடிச்சுக்கிடுங்க.”

கையை எடுத்துக்கொண்டாள்.

பிள்ளை விழவில்லை.